குழந்தைகள் ஓ.பி.யிலிருந்து பெரியவர்கள் ஓ.பி.க்கு: நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளை மாற்றிவிடும் முழு வழிகாட்டி

டைப் 1 சர்க்கரை, வலிப்பு, பிறவி இதய நோய், வாதக் காய்ச்சலில் வந்த வால்வுக் கோளாறு, நெஃப்ராட்டிக் (சிறுநீரில் புரதம் போகும் சிறுநீரக நோய்), தலசீமியா (பிறவி ரத்தச் சோகை), ஹீமோஃபிலியா (ரத்தம் உறையாத நோய்) என்று ஏதோ ஒன்றோடு வளர்ந்த பிள்ளையிடம் ஒருநாள் குழந்தைகள் பிரிவில், "இனிமே பெரியவங்க ஓ.பி.க்குப் போங்க" என்று சொல்லிவிடுவார்கள். அன்றைக்குக் கையில் இருப்பது ஒரு சீட்டு மட்டும்தான்.

பிள்ளைகள் தவறிப்போவது இந்த இரண்டு ஓ.பி.க்கும் நடுவில். பழைய இடத்தில் பெயரை எடுத்தாயிற்று, புது இடத்தில் இன்னும் பதியவில்லை. மாத்திரை தீர்கிறது, பரீட்சை வருகிறது, உடம்பும் அப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. சில மாதம் கழித்து அடுத்த டாக்டரைப் பார்க்கும் இடம் காஷுவாலிட்டி ஆகிவிடுகிறது.

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பெற்றோர், அண்ணன் அக்காமார், ஓ.பி. செவிலியர், கூடப் போகும் கிராம சுகாதாரப் பணியாளர் எல்லோருக்கும் பயன்படும்படி வேலையை வரிசைப்படுத்தியிருக்கிறோம். வரிசையை மாற்றினால்தான் அதிகம் சிக்கல் வருகிறது. மருந்தையோ அளவையோ இதைப் படித்து மாற்ற வேண்டாம். அது டாக்டர் வேலை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆதாரில் பெயர், பிறந்த தேதி, செல்போன் எண் மூன்றையும் பாருங்கள். 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகைப் புதுப்பிப்பு பலருக்கு முடிந்திருக்காது. அதைவிடப் பெரிய தொல்லை செல்போன் எண். ஆதாரோடு அப்பாவின் எண் இணைந்திருக்கும். அப்பா கடலுக்குப் போயிருப்பார், அல்லது வளைகுடாவில் இருப்பார். பதிவு கவுன்டரில் ஓ.டி.பி. கேட்கும்போது வரிசையே நின்றுவிடும். பிள்ளைக்கென்று ஓர் எண் வாங்கி, ஆதார் மையத்தில் அதை இணைத்துவிடுங்கள்.

இன்ஷியல் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் இன்ஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், ஆஸ்பத்திரி நோட்டில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று இருந்தால், கம்ப்யூட்டர் மூன்று பேராக எடுத்துக்கொள்ளும். பழைய ரிப்போர்ட் புதுப் பதிவோடு சேராது.

குடும்ப அட்டையில் பெயர், காப்பீட்டு அட்டை, 14 இலக்க ஆபா எண் (டிஜிட்டல் மருத்துவக் கணக்கு எண்), மாற்றுத்திறனாளிச் சான்று இருந்தால் அது, பழைய நோட்டுகள். இவ்வளவும் ஒரே பையில் இருக்கட்டும்.

1. பதினான்கு வயதில் தொடங்குங்கள்

"எத்தனை வயசு வரைக்கும் இங்க பாப்பீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. குழந்தைகள் பிரிவின் வயது வரம்பு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். சில இடங்களில் 12 முடிந்ததுமே பெரியவர்கள் பக்கம் அனுப்பிவிடுவார்கள். பள்ளி, அங்கன்வாடி வழியாக நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. பரிசோதனைத் திட்டம் 18 வயதோடு நிற்கும். எந்தக் கதவு எப்போது மூடும் என்று தெரிந்தால்தான் பின்னாலிருந்து கணக்குப் போட முடியும்.

14-15 வயதில் பிள்ளை தன் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் சொல்ல வேண்டும். 16-ல் டாக்டரிடம் சிறிது நேரம் தனியே பேச வேண்டும். 17-ல் போகும் இடம் முடிவாக வேண்டும். 18-ஐ ஒட்டி மாற்றம். அதற்குப் பிறகும் ஒரு வருடம் கண் வைத்திருக்க வேண்டும். 17 முடியும்போது ஆரம்பித்தால் இத்தனையும் பிளஸ் டூ பரீட்சையோடு மோதும்.

2. நோயை அவர் வாயால் சொல்லட்டும்

கூட்டமான பெரியவர்கள் ஓ.பி.யில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். "எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டால் அம்மா முகத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த நேரம் அதிலேயே போய்விடும்.

மூன்று வரி எழுதிக்கொடுத்துப் பழக்குங்கள். என்ன நோய், எப்போதிலிருந்து; இப்போது என்ன மருந்து, எவ்வளவு; கடைசியாக என்ன தொந்தரவு. இப்படி:

"வணக்கம் சார். எனக்கு ஒன்பது வயசிலேர்ந்து டைப் ஒன் சர்க்கரை. ஒரு நாளைக்கு நாலு ஊசி போடறேன், அளவு இந்த நோட்டுல இருக்கு. போன மாசம் ரெண்டு தடவ ராத்திரில லோ ஆச்சு."

இதை முதலில் வீட்டில் சொல்ல வேண்டும். அடுத்த விசிட்டில் பழகிய குழந்தைகள் டாக்டரிடமே சொல்லிப் பார்க்கட்டும். அம்மா அருகிலேயே இருக்கலாம், பிள்ளை தடுமாறினாலும் பத்து எண்ணும்வரை வாய் திறக்கக்கூடாது. பல அம்மாக்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

"காலைல வெள்ள மாத்திர, ராத்திரி பாதி மஞ்ச மாத்திர" என்று நிறத்தை வைத்துச் சொல்வது அடிக்கடி நடக்கும் தவறு. அரசு மருந்தகத்தில் கம்பெனி மாறினால் நிறமும் மாறும், அட்டையும் மாறும். மருந்தின் உள்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல), எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று மனப்பாடமாக வேண்டும். காலி அட்டையை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் பெயரை எழுதி வைப்பது எளிய வழி.

மாத்திரையை வாங்குவதும் அவர் வேலை ஆகட்டும். வரிசையில் நிற்பது, எண்ணிப் பார்ப்பது, தீர ஒரு வாரம் இருக்கும்போதே சொல்வது எல்லாம் 16 வயதில் பழகாவிட்டால் ஹாஸ்டலில் பழக வேண்டி வரும்.

3. டாக்டரிடம் தனியே ஐந்து நிமிடம்

15-16 வயது முதல் ஒவ்வொரு விசிட்டிலும் கடைசி ஐந்து நிமிடம் பெற்றோர் வெளியே இருக்க வேண்டும். பெற்றோர் எதிரில் எந்தப் பிள்ளையும் சிகரெட், குடி, காதல், மருந்தைத் தூக்கிப்போட்டது பற்றிப் பேசாது. இவையோ மருந்தோடு நேரடியாக மோதும் விஷயங்கள்.

குடியைப் பற்றி இந்தப் பக்கத்தில் வெளிப்படையாகவே பேச வேண்டியிருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் "பாண்டிக்குப் போலாம்டா" என்று கூப்பிட ஆள் இருக்கும். இன்சுலின் போடுபவர் குடித்தால், ஈரல் சர்க்கரையை விடுவதை நிறுத்திவிடுகிறது; பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில் சர்க்கரை இறங்கும். கூட இருப்பவர்கள் போதை என்று நினைத்து அப்படியே தூங்கவிடுவார்கள். வலிப்புக்காரருக்குக் குடி, தூக்கக் கேடு, தவறிய மாத்திரை மூன்றும் ஒரே இரவில் சேரும். திட்டுவதால் இது நிற்காது. எதனால் ஆபத்து என்று மருத்துவர் நிதானமாகச் சொன்னால் காதில் ஏறும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த ஐந்து நிமிடம் இன்னும் முக்கியம். வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் மருந்தோடு கருத்தரித்தால் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகள் அளவில் பிறவிக் குறை வருகிறது. அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), எனலாப்ரில் (ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகத்துக்கு), மைக்கோஃபினோலேட் (நோய் எதிர்ப்பை அடக்குவது) ஆகியவையும் கருவுக்கு ஆகாதவை. கார்பமாசெபின், ஃபெனிடாய்ன் என்ற வலிப்பு மருந்துகளை எடுப்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. வேறு மருந்து பொருந்துமா என்பதைக் கல்யாணப் பேச்சு வரும் முன்பே, குழந்தைகள் டாக்டர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். மாற்றிப் பார்க்க மாதக்கணக்கில் நேரம் தேவைப்படும்.

இதைக் கேட்டுப் பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்துவது இன்னும் பெரிய ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பாகக்கூட வரலாம்.

இன்னொன்று, எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் பேசாதது. நோயை மறைத்துக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். புகுந்த வீட்டில் மாத்திரை அட்டை வெளியே தெரியக்கூடாதென்று பெண் அதை அரிசி டப்பாவில், புடவை மடிப்பில் வைப்பாள். ஒருநாள் எடுக்க முடியாது, மறுநாள் மறந்துபோகும். மருந்து நிற்கும் காரணங்களில் இதுவும் ஒன்று என்று பெற்றோரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளைக்காவது முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் மருத்துவ ரீதியில் பாதுகாப்பு. எப்படிச் சொல்வது என்று குடும்பம் திணறினால், டாக்டர் முன்னிலையில் பேசலாம்.

செவிலியருக்கு ஒரு குறிப்பு: தனியே பேச ஆரம்பிக்கும் முன், எது ரகசியமாக இருக்கும், எது இருக்காது என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். 18-க்குக் கீழ் உள்ளவரின் பாலுறவு பற்றித் தெரியவந்தால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டப்படி தகவல் தெரிவித்தாக வேண்டும். பேசி முடித்த பிறகு இதைச் சொன்னால், அந்தப் பிள்ளை அப்புறம் யாரிடமும் வாய் திறக்காது.

4. ஒரு பக்கச் சுருக்கம்

பத்து வருட நோட்டுகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போனால் யாராலும் படிக்க முடியாது. குழந்தைகள் டாக்டரிடம் கேட்டு, ஒரே பக்கத்தில், முடிந்தால் டைப் செய்த சுருக்கம் வாங்குங்கள். கடைசி விசிட்டுக்கு இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் "கேஸ் கண்ட்டின்யூ ஆல்" (எல்லா மருந்தையும் தொடரவும்) என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

அதில் இருக்க வேண்டியவை: நோயின் முழுப் பெயர், கண்டுபிடித்த வருடம், இப்போதைய மருந்துகளும் எடையும், ஒவ்வாமை, ஆபரேஷன்கள், கடைசி மூன்று முக்கிய ரிசல்ட், ரத்த வகை, போட்ட தடுப்பூசிகள், அவசரம் வந்தால் செய்ய வேண்டியது. பொதுவாக விட்டுப்போவது ஒன்று உண்டு: முன்பு கொடுத்துப் பலன் தராத மருந்துகளும் அதற்கான காரணமும். அது இல்லாவிட்டால் புது டாக்டர் நியாயமாகவே அதே மருந்திலிருந்து தொடங்குவார். பிள்ளை பழைய கஷ்டத்தை இரண்டாம் முறை படும்.

நோய்வாரியாகக் கூடுதலாக வேண்டியவை:

சர்க்கரை என்றால் "டைப் 1" என்பது பெரிய எழுத்தில் இருக்கட்டும். பெரியவர்கள் ஓ.பி.யில் வரும் சர்க்கரைக்காரர்களில் பெரும்பாலோர் டைப் 2. அந்த வேகத்தில் இன்சுலினைக் குறைத்து மாத்திரை எழுதிவிட வாய்ப்புண்டு. டைப் 1-க்கு இன்சுலின் நின்றால் ஓரிரு நாளில் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். எந்த இன்சுலின், மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டா, கடைசி ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கண், சிறுநீர்ப் பரிசோதனை நடந்த தேதி ஆகியவையும் வேண்டும்.

வலிப்பு என்றால் எப்படிப்பட்ட வலிப்பு, கடைசியாக வந்த தேதி, இஇஜி (மூளை மின் அலைப் பதிவு), எம்ஆர்ஐ முடிவு. வலிப்பு வரும்போது எடுத்த செல்போன் வீடியோ இருந்தால், எந்த ரிப்போர்ட்டையும்விட அது டாக்டருக்கு உதவும்.

இதயத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஆபரேஷன் குறிப்பின் நகல் கட்டாயம். "ஓட்டையை அடைச்சாச்சு, சரியாயிடுச்சு" என்று வீட்டில் நினைத்து எக்கோவையே (இதய ஸ்கேன்) நிறுத்திவிடுகிறார்கள். வாதக் காய்ச்சலுக்காக 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுபவர்களும் 18 ஆனதும் ஊசி முடிந்தது என்று நினைப்பார்கள். இதயம் பாதித்தவர்களுக்கு அது 25 வயது வரைகூடப் போகலாம், வால்வு ஆபரேஷன் ஆனவர்களுக்கு வாழ்நாள் முழுவதும். நிறுத்தும் தேதியைச் சுருக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஹீமோஃபிலியா என்றால் எந்த ஃபேக்டர் (ரத்தத்தை உறையவைக்கும் பொருள்) குறைவு, இன்ஹிபிட்டர் (ஏற்றும் ஃபேக்டரை வேலை செய்யவிடாத எதிர்ப்பொருள்) உண்டா, சதையில் ஊசி கூடாது, ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடாது. தலசீமியா என்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறார்கள், ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்த இரும்பு) அளவு, இரும்பு குறைக்கும் மருந்து.

மூன்று நகல் எடுங்கள்: பையில் ஒன்று, வீட்டில் ஒன்று, செல்போனில் படமாக ஒன்று. இசிஜி, எக்கோத் தாள்கள் பலவும் வெப்பத்தாளில் அச்சானவை; இரண்டு மூன்று வருடத்தில் வெளுத்துவிடும். இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

5. எங்கே போவது

குழந்தைகள் பிரிவில் ஒரே டாக்டர் எல்லாவற்றையும் பார்த்தார். பெரியவர்கள் பக்கம் இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர். அதனால் மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அது பொது மருத்துவ ஓ.பி. டாக்டர். "இவருக்கு யார் முதன்மை டாக்டர்?" என்ற கேள்விக்குச் சுருக்கத்திலேயே பதில் இருக்கட்டும்.

புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மகளிர், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பார்த்து வந்த பையனுக்கு ஆஸ்பத்திரியே மாறும். கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி, ஊருக்குள் இருக்கும் இந்திரா காந்தி ஜி.ஹெச்., கோரிமேடு ஜிப்மர் என்று மூன்று வழி உண்டு. ஜிப்மரில் ஏற்கனவே பார்த்து வந்தவருக்கு வளாகம் அதே, கட்டிடமும் கிழமையும் வேறு. கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை. சிதம்பரம், பரங்கிப்பேட்டைப் பக்கம் என்றால் அண்ணாமலை நகரில் இருக்கும் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. விக்கிரவாண்டி, திருக்கனூர் பக்கத்தாருக்கு முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி கிட்டம்.

எங்கள் யோசனை: இரண்டு இடம் வைத்துக்கொள்ளுங்கள். மாத மருந்துக்கும் காய்ச்சல், வாந்திக்கும் பக்கத்தில் ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபுணரைப் பார்க்கப் பெரியது ஒன்று. விருத்தாசலத்திலிருந்து மாதாமாதம் கோரிமேட்டுக்கு வந்தால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகும். நாலாவது மாதம் வரமாட்டார்கள்.

புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். கடலூர்க்காரரின் தமிழ்நாடு காப்பீட்டு அட்டை எல்லை தாண்டிய ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று அங்குள்ள காப்பீட்டுக் கவுன்டரில் படுக்கை போடும் முன்பே கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் அலைச்சல்தான்.

சிறப்புக் கிளினிக் எந்தக் கிழமை, பதிவு எத்தனை மணி வரை என்பதை நேரில் போய்க் கேட்டு, பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தப்பான கிழமையில் போய்த் திரும்பினவர்கள் அடுத்த தடவை வருவது அபூர்வம்.

6. எப்போது மாற்றுவது

நோய் மூன்று நான்கு மாதமாக அமைதியாக இருக்கும்போது மட்டும். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த கையோடு, கர்ப்ப காலத்தில், மருந்து மாற்றிய வாரத்தில் மாற்றாதீர்கள். புது டாக்டருக்கு எது நோய், எது மருந்தின் விளைவு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

பிளஸ் டூ தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை உள்ள ஏப்ரல், மே வசதியான நேரம். சென்னை, கோவை என்று ஹாஸ்டலுக்குப் போகிறவர் என்றால், முதல் வருடம் ஊர் டாக்டரிடமே பெயர் இருக்கட்டும். அங்கே அவசரத்துக்கு ஓர் இடம் மட்டும் பார்த்து வையுங்கள். ஊரும் புதிது, டாக்டரும் புதிது என்றால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர்க்கலாம். 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று இந்தக் கரையில் புயல் வரும் மாதங்கள் அவை. சாலையும் கரண்டும் போனால் புது இடத்துக்கான முதல் விசிட்தான் முதலில் விழும். எந்த ஓ.பி.யில் இருந்தாலும் அக்டோபருக்குள் ஒரு மாத மருந்தைக் கூடுதலாகச் சேர்த்து வையுங்கள். கரண்ட் இல்லாத நாளில் இன்சுலினை ஈர மணல் போட்ட பானைக்குள் ஒரு சின்னச் சட்டியில், தண்ணீர் படாமல் மூடி வைக்கலாம். வெயில் படாமல் 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் நாலு வாரம் தாங்கும்.

7. கைமாற்றும் நாள்

புது இடத்தின் தேதியை வாங்கிய பிறகுதான் பழைய இடத்தில் கடைசி விசிட். தலைகீழாகச் செய்தால் முன்னால் சொன்ன இடைவெளி தானாக உருவாகும்.

ஒரே வளாகம் என்றால் இரண்டு டாக்டரும் ஒருமுறை சேர்ந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் குழந்தைகள் பிரிவுச் செவிலியர் பிள்ளையோடு அந்தக் கட்டிடம் வரை ஒருமுறை நடந்து போனாலே போதும்: பதிவு இங்கே, ரத்தம் எடுப்பது இங்கே, மருந்து இங்கே. ஆஸ்பத்திரி வேறு என்றால் டாக்டருக்கு டாக்டர் ஒரு போன்.

கடைசி விசிட்டில் இரண்டு மாத மருந்து கேளுங்கள். ஒரு மாதத்துக்குத்தான் தருவார்கள் என்றால், இடையில் ஒருமுறை வாங்கிக்கொள்ளச் சீட்டில் எழுதி வாங்குங்கள். புது இடத்துத் தேதி தள்ளிப்போனால் இதுதான் கை கொடுக்கும்.

8. புது ஓ.பி.யில் முதல் நாள்

கூட ஒருவர் போகலாம், பேசுவது பிள்ளை. 18 முடிந்தவர் என்றால் சிகிச்சைக்கான கையெழுத்தும் அவருடையதே. அப்பா கையெழுத்துப் போடப் பழகியிருப்பார். பேனாவைப் பிள்ளையிடம் கொடுக்க நினைவூட்டுங்கள்.

காத்திருக்கும் இடத்தில் கால் எடுத்தவர், டயாலிசிஸ் குழாயோடு இருப்பவர் என்று பலரைப் பார்க்க வேண்டி வரும். "எனக்கும் இப்படித்தான் ஆகுமா" என்ற பயத்தில் திரும்பிவிடும் பிள்ளைகள் உண்டு. முதல் நாளே சொல்லி வையுங்கள்: அங்கே இருப்பவர்களில் பலர் வயதானவர்கள், பல வருடம் கவனிக்காமல் விட்டவர்கள். மனம் சரியில்லாமல் தொடர்ந்து இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மருந்து மாறினால் மூன்று கேள்வி: பழையதை நிறுத்த வேண்டுமா, சேர்த்து எடுக்க வேண்டுமா? எப்போது வேலை தெரியும்? என்ன ஆனால் உடனே வர வேண்டும்? பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் வேறு பெயரில் அதே மருந்தாக இருக்கும்.

இன்சுலின் போடுபவர்கள் இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். தனியாரிடம் பேனா வைத்துப் போட்டவர் அரசு ஓ.பி.க்கு வந்தால் குப்பியும் சிரிஞ்சும் கிடைக்கலாம். பேனாக் கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட். அரசு வழியில் வரும் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40. சிவப்பு மூடிச் சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உடம்பில் போவது 25 யூனிட், மயங்கி விழலாம். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் 10 இழுத்தால் போவது 4 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், யாருக்கும் காரணம் புரியாது. குப்பியின் மேல் உள்ள எண்ணையும் சிரிஞ்சின் மேல் உள்ள எண்ணையும் பிள்ளை வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே மருந்தகக் கவுன்டரை விட்டு நகருங்கள்.

கிளம்பும் முன் அடுத்த தேதி நோட்டில் இருக்கிறதா? இல்லாவிட்டால் திரும்பிப் போய் எழுதி வாங்குங்கள்.

9. அட்டைகள், பணம், சட்டம்

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டையில் பெயர் வேண்டும். பெண்ணுக்குக் கல்யாணமானதும் பிறந்த வீட்டு அட்டையில் பெயரை எடுத்துவிடுவார்கள். புகுந்த வீட்டில் சேர்ப்பது ஆடிக்கும் ஆவணிக்கும் தள்ளிப்போகும். அந்த இடைவெளியில் படுக்கை விழுந்தால் கைக்காசுதான். நீக்கிய வாரமே சேர்க்க மனுப் போடுங்கள்.

வேலைக்குச் சேர்ந்து மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வரும், மாற்றுத்திறனாளிக்கு வரம்பு 25,000. பழைய நோய் என்று ஈ.எஸ்.ஐ. ஒதுக்காது. சிப்காட், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைப் பக்கம் ஒப்பந்த வேலை என்றால் ஈ.எஸ்.ஐ. எண் உண்மையில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியார் காப்பீட்டில் ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கும். பெற்றோர் பாலிசியிலிருந்து வயது காரணமாக வெளியே வரும்போது இடைவெளி விடாமல் தன் பெயரில் தொடர வேண்டும்.

தலசீமியா, ஹீமோஃபிலியா, சிக்கிள் செல் (ரத்த அணு வடிவம் கெடும் பிறவி நோய்) மூன்றும் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் வருகின்றன. சான்று தற்காலிகமானது என்றால் முடியும் தேதியைப் பாருங்கள்.

வலிப்போடு மூளை வளர்ச்சிக் குறைவு, மூளை முடக்குவாதம் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 18 முடிந்த பிறகு சட்டப்படி நீங்கள் தானாகக் காப்பாளர் ஆகமாட்டீர்கள். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். 17 முடியும்போதே தாள்களைத் தயாராக வையுங்கள்.

வலிப்பு உள்ளவர் ஓட்டுநர் உரிமத்துக்கான உறுதிமொழிப் படிவத்தில் அதை மறைக்கக்கூடாது. தேவனாம்பட்டினம் போன்ற குப்பங்களில் கட்டுமரம், ஃபைபர் படகில் போகும் பையன்களுக்கும் இதே கதைதான். படகிலிருந்து விழுந்தால் வலிப்பு நிற்கும்வரை கடல் காத்திருக்காது. தொழிலை எப்படி மாற்றுவது என்ற பேச்சை 16 வயதில் தொடங்க வேண்டும், வலை கைக்கு வந்த பிறகு முடியாது.

10. பழைய ஓ.பி.யில் பெயரை எப்போது நீக்குவது

குழந்தைகள் பிரிவுச் செவிலியர் ஒரு நோட்டுப் போடுங்கள்: பெயர், பிள்ளையின் எண், வீட்டார் எண், புது ஓ.பி. தேதி, இரண்டாவது விசிட் நடந்த தேதி. முதல் விசிட்டுக்குப் பெற்றோர் இழுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். இரண்டாவதுக்கு வந்தால்தான் பிள்ளை அங்கே ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அதுவரை பழைய ஓ.பி. சீட்டு செல்லும் என்று சொல்லி வையுங்கள்.

தேதி தவறி இரண்டு வாரம் ஆனால் முதலில் பிள்ளைக்கே போன். "ஏன் வரல?" என்று தொடங்காதீர்கள். "மாத்திர கையில எத்தன நாளுக்கு இருக்கு?" என்று கேளுங்கள். பதில் ஒரு வாரத்துக்குக் கீழ் என்றால் அன்றைக்கே பழைய ஓ.பி.க்கு வரச் சொல்லி மருந்து கொடுத்து, புதுத் தேதி போடுங்கள். போன் எடுக்காவிட்டால் வீட்டார் எண். அதுவும் இல்லையென்றால் அந்தப் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரையும் தெருவையும் கொடுங்கள். என்ன நோய் என்பதைப் பிள்ளையைத் தவிர வேறு யாரிடமும் வாசலில் வைத்துச் சொல்ல வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.